படையும் பட்டாளமும்

ஒரு பொருளைக் குறிக்கப் பல சொற்கள் வழங்குவது எம்மொழிக்கும் இயல்பே. எனினும், அச்சொற்கள் யாவும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று அமரத்தக்கன அல்ல. படை, தானை, சேனை, பட்டாளம், இராணுவம் என்பனவும், மறவர், வீரர், சிப்பாய் என்பனவும் அத்தகையன. இவற்றின் வேறுபாட்டை அறியாதவர், வரலாற்றையும் பிழைபட அறிய நேரும்.

'படை' என்பது பழந்தமிழ்ச் சொல். அது போர்க்கருவியையும் குறிக்கும். அதனை ஏந்திய மக்கள் திரளையும் குறிக்கும். 'தானை' செய்யுளில் பயிலும் சொல். ஆடை என்ற பொருளும் அதற்கு உண்டு. 'சேனை' வடமொழியிலிருந்து வந்தது. 'மறவர்' என்பதோ மறம், அதாவது வீரம், என்னும் பண்பினடியாகப் பிறந்த பெயர். அது ஒருவன் எத்தகையன் என்பதைச் சொல்கிறது. யாரிடம் ஊதியம் பெறுகிறான் என்பதைச் சொல்லவில்லை.

பட்டாளமும் சிப்பாயும் பின்னர் வந்தவை. முன்னது, 'பட்டாலியன்' என்னும் ஐரோப்பியச் சொல்லின் திரிபு. பின்னது, படையைச் சேர்ந்தவன் என்று பொருள்படும் 'சிபாஹி' என்னும் பாரசீகச் சொல். இவை வேரூன்றிய இடங்களுள் நம் கடலூரும் ஒன்று. ஆங்கிலக் கம்பெனியார் 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர். 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியபின், இக்கோட்டையே அவர்களுக்குத் தலைமையிடமாயிற்று. 1748-இல் இங்கு வந்த ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ், சிதறிக் கிடந்த கம்பெனிக் காவலரை ஒழுங்கான படையாக அமைக்கத் தொடங்கினார்.

இப்புதிய படையின் அடிப்படை மாதச் சம்பளம். ஐரோப்பிய மொழிகளிலும் இக்கருத்து சொல்லிலேயே பதிந்துள்ளது. ஸ்பானிய மொழியில் போர்வீரனுக்குச் 'சோல்தாதோ' என்று பெயர். சம்பளத்துக்குச் 'சுவெல்தோ' என்று பெயர். இரண்டும் 'சோலிதுஸ்' என்னும் உரோமப் பொற்காசின் பெயரிலிருந்து பிறந்தவை. புதுச்சேரித் தமிழர் வாயில் வழங்கும் 'சொல்தா' என்பதும், பிரெஞ்சு மொழி வழியாக வந்த அக்குடும்பத்துச் சொல்லே.

சம்பளத்துக்குப் போர் புரிதல் எத்தகைய துயரை விளைக்கும் என்பதற்குக் கடலூரே சான்று. 1783 ஜூன் 13-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படையும் ஆங்கிலத் தளபதி ஸ்டூவர்ட்டின் படையும் இங்கே கடும்போர் புரிந்தன. இருபுறமும் இந்தியச் சிப்பாய்கள் நின்றனர். ஆனால், இரு நாடுகளும் அவ்வாண்டு ஜனவரி 20-ஆம் நாளே ஐரோப்பாவில் பூர்வாங்க உடன்படிக்கை செய்துகொண்டிருந்தன! கடல் கடந்து செய்தி எட்டுமுன் எத்தனையோ உயிர்கள் மடிந்துவிட்டன. இன்று சிப்காட் தொழிற்பேட்டையைக் கடந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையில் போவோருக்கு, இக்கடற்கரை ஒருகாலத்தில் போர்க்களமாய் இருந்தது தோன்றாது.

சிப்பாய் என்னும் சொல் ஸ்பானிய மொழிக்கும் சென்று 'சிப்பாயோ' ஆயிற்று. அங்கே அந்நியரின் கூலியாள் என்னும் இகழ்ச்சிப் பொருளையும் பெற்றது. இந்த இகழ்ச்சி நேர்மையானதா? 1806 ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையில், புதிய தலைப்பாகையையும், நெற்றிக்குறியும் தாடியும் கூடாதென்ற ஆணையையும் ஏற்க மறுத்துப் பொங்கி எழுந்தவரும் சிப்பாய்களே அல்லரோ? ஆள்வோர் அதனைச் 'சிப்பாய்க் கலகம்' என்றனர். கலகம் என்றால் கட்டளையை மீறிய குற்றம். புரட்சி என்றாலோ அநீதியை எதிர்த்த எழுச்சி. நிகழ்ச்சி ஒன்றே, எச்சொல்லை எடுக்கிறோமோ, அதனோடு ஒரு தீர்ப்பும் வந்துவிடுகிறது.

இக்காலச் சொற்களிலும் கவனம் வேண்டும். தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றும் சேர்ந்தவை முப்படைகள். இராணுவம் என்பது சிறப்பாகத் தரைப்படையையே குறிக்கும். நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தைக் காப்பது மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை. 1969-இல் உருவான அப்படை உள்துறை அமைச்சகத்தைச் சார்ந்தது. பெயரில் 'படை' என்று இருப்பதால் மட்டும் அது இராணுவம் ஆகிவிடாது. ஆயுதம் ஏந்தி ஒருவர் வந்தார் என்றால், அவர் யாருடைய ஆணைக்கு உட்பட்டவர் என்பதைக் குடிமக்கள் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

அன்று கம்பெனிக்கு ஊழியம் செய்தவனுக்கு வழங்கிய சிப்பாய் என்னும் பெயரே, இன்று நம் தரைப்படையில் நாட்டைக் காத்து நிற்கும் வீரரின் பதவிப் பெயராகவும் விளங்குகிறது. ஆதலின், வரலாற்றுப் பாடத்தில் இச்சொல்லைக் காணும்போது, அவன் எந்த ஆண்டில், எவர் கொடியின்கீழ், எதன்பொருட்டு நின்றான் என்று கேட்டறிந்து மேலே செல்லுங்கள்.