ஏக்கர் மூணு சென்ட்!

முப்பது வருஷம் சர்வே டிபார்ட்மென்ட்டில் சங்கிலி இழுத்து ரிடையர் ஆனவனுக்கு அமெரிக்காவில் மகள் வீட்டில் என்ன உத்தியோகம் கிடைக்கும்? பேரனின் ஹோம்வொர்க்குக்குக் காவல்!

மகள் இருப்பது மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் பக்கம். ஒருநாள் பேரன் டைனிங் டேபிளில் அமெரிக்க மேப் ஒன்றை விரித்தான். வெறும் கோட்டுப் படம். நாடு மேற்கே எப்படிப் பெருகியது என்று கலர் அடிக்க வேண்டுமாம். 1803-ல் வாங்கிய லூயிசியானா பச்சை. 1845-ல் சேர்ந்த டெக்சாஸ் மஞ்சள். 1848-ல் யுத்தத்தில் ஜெயித்து மெக்சிகோவிடம் பிடுங்கியது ஆரஞ்சு.

"தாத்தா, லூயிசியானா எட்டு லட்சத்து 28 ஆயிரம் சதுர மைல். பிரான்ஸ்கிட்டே ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கிட்டாங்க. ஏக்கர் மூணு சென்ட்!"

"ஏக்கருக்கு நூறு சென்ட்டுடா, அசடே!" என்றேன்.

அவன் சொன்னது காசு, நான் சொன்னது நிலம் என்று புரியவே இரண்டு நிமிஷம் ஆயிற்று. சமையலறையில் மகள் சிரிக்கிற சத்தம்.

நமக்குத்தான் கை சும்மா இருக்காதே! "பத்திரம் இருக்கா?" என்றேன். கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்தான். படித்தால், நாலு எல்லையே எழுதவில்லை சார்! ஸ்பெயின் கையில் இருந்தபோது எவ்வளவோ அவ்வளவு என்கிற மாதிரி ஒரு வரி. அந்த ஸ்பெயினும் 1800-ல்தான் பிரான்ஸுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. நம்மூர் ரிஜிஸ்டர் ஆபீஸாக இருந்தால் வாசற்படியோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

ஆரஞ்சுக் கதை இன்னும் வேடிக்கை. 1848 ஒப்பந்தத்தோடு இணைத்தது, டிஸ்டர்னெல் என்பவர் நியூயார்க்கில் அச்சடித்து விற்ற மேப். அதில் எல் பாசோ என்கிற ஊர், இருக்க வேண்டிய இடத்துக்கு 100 மைலுக்கு மேல் கிழக்கே கிடக்கிறது! எல்லை எது என்று இரண்டு தேசமும் மல்லுக்கு நின்றன. கடைசியில் 1853-ல் அமெரிக்கா இன்னும் ஒரு கோடி டாலர் கொடுத்துத் தெற்கே நிலம் வாங்கித் தகராறைத் தீர்த்தது. (ரயில் பாதை போடவும் அந்த இடம் தேவைப்பட்டது.) எங்கள் டிபார்ட்மென்ட்டில் இரண்டு லிங்க் தப்பினாலே மெமோ!

அடுத்து, வில்லங்கம். விற்றவனிடம் பேப்பர் இருந்தது, சரி. நிலம் யார் அனுபவத்தில் இருந்தது? அதற்கும் மேப் இருக்கிறது. சார்ல்ஸ் ராய்ஸ் தொகுத்து, 1899-ல் ஸ்மித்சோனியன் நிறுவனத்து இலாகா ஒன்று வெளியிட்டது. பூர்வகுடிகள் எந்த நிலத்தை, எந்த வருஷம், எந்த ஒப்பந்தத்தில் விட்டார்கள் என்று துண்டு துண்டாக நம்பர் போட்டிருக்கிறது. நம்ம புலப்படம் மாதிரியே!

மகள் வீடு இருக்கிற பக்கத்தைத் தேடினோம். ஓசேஜ் இனத்தாரின் நிலம். பச்சை அடித்த 1803-க்கு அஞ்சு வருஷம் கழித்து, 1808-ல், மிசௌரியின் பெரும்பகுதியை அவர்களிடம் தனியாக எழுதி வாங்கியிருக்கிறார்கள். ரொக்கம் 1,200 டாலர், வருஷா வருஷம் 1,500 டாலருக்குச் சாமான்.

"அப்போ பிரான்ஸ்கிட்டே என்னதான் வாங்கினாங்க?"

"வேறே ராஜா யாரும் குறுக்கே வரமாட்டான்கிற உரிமையை. நிலம் இவங்களோடதுதான்."

"நான் காலி இடம்னு நினைச்சேன், தாத்தா."

எனக்குச் சுருக்கென்றது. 1982-ல் ஒரு கிராமத்து ஏரிக்கரையை அளக்கப் போனேன். பதினோரு குடிசைகள். "மூணு தலைமுறையா இருக்கோம் ஐயா" என்றார் ஒரு பெரியவர். பட்டா கிடையாது. அவர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, 'புறம்போக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அடுத்த வருஷம் அந்த வழியாகப் போனபோது குடிசைகள் இல்லை. அமெரிக்காவின் மேற்கை அளந்ததும் அதே 66 அடி கன்டர் சங்கிலிதான்.

இதைப் பேரனிடம் சொல்லவில்லை. ஒரு டிரேசிங் பேப்பர் வாங்கி, பச்சை மேப் மேலே வைத்து, ராய்ஸ் கோடுகளை வரைய ஆரம்பித்தோம்.

"டீச்சர் கேட்டது ஒரு மேப்தானேப்பா? மணி பத்தாகுது!" என்றாள் மகள்.

பேரன் காதில் வாங்கவே இல்லை. அவன் கவலை வேறு. கிரேயான் டப்பாவில் இருப்பது 24 கலர். ராய்ஸ் போட்ட நம்பரோ 700-க்கு மேலே!