சுவரைக் கடக்கும் சூரிய மின்சாரம்

மழை குறைந்து வெயில் மிகுந்த அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் கதிரவனே குறையாத செல்வம். அண்டையிலுள்ள கமுதியில் 2016ஆம் ஆண்டு 648 மெகாவாட் திறனுடைய சூரிய மின்நிலையம் தொடங்கப்பட்டது. 2024இல் நடுவண் அரசு தொடங்கிய திட்டம், 3 கிலோவாட் வீட்டு அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் அளிக்கிறது. இதனால் பாலவனத்தம் போன்ற ஊர்களின் மாடிகளிலும் மின்தகடுகளை நிறுவ வழி பிறந்துள்ளது. மாடியில் பிறக்கும் மின்சாரம் வீட்டினுள் நுழைவது சுவரிலுள்ள சிறு துளை வழியே. அத்துளையின் செம்மையைப் பொறுத்தே வீட்டின் பாதுகாப்பு அமைகிறது.

மின்தகடு தருவது நேர்மின்னோட்டம். வீட்டுக்கு வரும் மாறுமின்னோட்டம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொடுவதால், அதில் எழும் மின்பொறி எளிதில் அணையும். நேர்மின்னோட்டம் சுழியைத் தொடாது. அதில் எழும் பொறி நீடித்துத் தீ மூட்டும். ஆகவே, செங்கல்லின் கூர்விளிம்பு கம்பியின் உறையை அறுக்காதவாறு துளையினுள் பிவிசி குழாயைச் செருக வேண்டும். சுவருக்குள் கம்பிகளை இணைத்தல் கூடாது. வெளிப்புறக் கம்பியின் உறை, புற ஊதாக் கதிர்களைத் தாங்குவதாக இருத்தல் வேண்டும்.

துளை வெளிப்புறம் நோக்கிச் சற்றே சரிந்திருக்க வேண்டும். கம்பி துளைக்குக் கீழே தாழ்ந்து வளைந்து, பின்னர் மேலேறி நுழைந்தால், அதன்வழி வழியும் மழைநீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். எஞ்சிய இடைவெளியை அடைத்துவிட்டால் எலியும் எறும்பும் புகா.

வீட்டின் மின்விசையை அணைத்தாலும் பகலொளியில் தகடு மின்னழுத்தம் தந்துகொண்டே இருக்கும். எனவே, பயிற்சி பெற்ற மின்பணியாளரே இப்பணியைச் செய்தல் வேண்டும். இம்மண்ணில் மழைநாள்கள் சிலவே. ஆயினும், தவறாக இட்ட துளைக்கு ஒரு மழையே போதும்.