காரைத் தாழ்த்தினால் சக்கரம் கோணும்!

இந்தக் காரில் 2 பேர்தான் உட்காரலாம். தலைக்கு மேலே துணிக் கூரை. வேண்டாம் என்றால் அதை மடித்துப் பின்னால் போட்டுவிடலாம்.

காரின் பெயர் மாஸ்டா எம்.எக்ஸ்.5. ஜப்பானில் ஹிரோஷிமா நகரில் செய்யப்படும் கார் இது. 1989-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், அமெரிக்காவில் சிக்காகோ மோட்டார் கண்காட்சியில் முதன் முதலாக வைக்கப்பட்டது. அதே ஆண்டில் ஜப்பானிலும் விற்பனைக்கு வந்தது. அங்கே அதற்கு "யூனோஸ் ரோட்ஸ்டர்" என்று பெயர் வைத்தார்கள். 2016-ம் ஆண்டில் 10 லட்சமாவது கார் வெளிவந்தது.

இதை வாங்குகிறவர்களில் பலருக்கு ஓர் ஆசை உண்டு. காரின் உடம்பு தரையை ஒட்டினாற்போல் ஓடவேண்டும் என்பதே அந்த ஆசை!

ஆசையில் நியாயமும் இருக்கிறது. கார் தாழ்ந்தால் அதன் பளு தரைக்குப் பக்கத்தில் வரும். வளைவில் திரும்பும்போது அதிகம் சாயாது. ஆகவே பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, குட்டையான ஸ்பிரிங்கைப் போடுகிறார்கள். கார் 2 அல்லது 3 சென்டிமீட்டர் இறங்குகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது!

கவட்டை போன்ற கை

முதல் தலைமுறை எம்.எக்ஸ்.5 காரின் ஒவ்வொரு சக்கரத்தையும் 2 இரும்புக் கைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று மேலே, ஒன்று கீழே. பார்ப்பதற்குக் கவட்டைக் கம்பு போல இருக்கும். மேல் கை குட்டை. கீழ்க் கை நீளம்.

காரின் உடம்பு கீழே இறங்கும்போது இந்தக் கைகள் மேல்நோக்கிச் சாய்கின்றன. குட்டையான கை சக்கரத்தின் தலையை அதிகமாக உள்ளே இழுத்துவிடுகிறது. முன்னால் நின்று பார்த்தால், 2 சக்கரங்களும் கூரை வீட்டின் இரு சாய்வு போலத் தெரியும். இந்தச் சாய்வுக்கு "கேம்பர்" என்று பெயர்.

கொஞ்சம் சாய்வு நல்லதே. வளைவில் டயர் நன்றாகப் பிடிக்கும். ஜப்பானில் சில இளைஞர்கள் இதையே பெருமையாக எண்ணி, சக்கரத்தை அளவுக்கு மீறிச் சாய்த்து ஓட்டுகிறார்கள். அதற்கு "ஓனிக்யான்" என்று பெயர். "ஓனி" என்றால் பேய். பொருத்தமான பெயர்தான்!

உண்மையான திருடன்

ஆனால் டயரைத் தின்பது சாய்வு மட்டும் அல்ல. அதைவிடப் பெரிய திருடன் வேறு ஒருவன். அவன் பெயர் "டோ".

ஒருவர் இரு பாதங்களையும் வெளிப்புறமாகத் திருப்பி வைத்து நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிலர் உட்புறமாகத் திருப்பி நடப்பார்கள். கார் தாழ்ந்ததும் சக்கரங்களும் இப்படித் திரும்பிக்கொள்கின்றன. திருப்பம் கண்ணுக்குத் தெரியாது. அரை டிகிரிதான் இருக்கும்.

அரை டிகிரி என்ன செய்யும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். சக்கரம் அரை டிகிரி கோணலாக ஓடினால், 1 கிலோமீட்டருக்குச் சுமார் 9 மீட்டர் தூரம் டயர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 1,000 கிலோமீட்டர் ஓடினால், சுமார் 9 கிலோமீட்டர் தூரம் ரப்பரைத் தார் ரோட்டில் வைத்துத் தேய்த்ததற்குச் சமம்!

சாய்ந்த சக்கரத்தில் இந்தத் தேய்மானம் டயரின் உள் ஓரத்தில் விழுகிறது. வெளி ஓரம் புதிது போலவே இருக்கும். சொந்தக்காரர் காரைச் சுற்றி வந்து பார்த்து, "டயர் நன்றாக இருக்கிறது" என்று நினைத்துக்கொள்வார். உள்ளே வரிப்பள்ளமே இருக்காது. மழை நாளில் தண்ணீரைத் தள்ள முடியாமல் கார் வழுக்கும். இன்னும் தேய்ந்தால் டயருக்குள் இருக்கும் கம்பி வெளியே தெரியும். வேகத்தில் டயர் வெடித்தால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஆபத்து.

8 போல்ட்டுகள்

இதைச் சரிசெய்ய முதல் தலைமுறை எம்.எக்ஸ்.5 காரில் நல்ல வசதி இருக்கிறது. கீழ்க் கைகளின் உட்புறத்தில், சக்கரத்துக்கு 2 வீதம் 8 போல்ட்டுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு வட்டத் தகடு. அதன் துளை நடுவில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது. போல்ட்டைத் திருப்பினால் கை கொஞ்சம் உள்ளே போகும், அல்லது வெளியே வரும். சக்கரத்தின் சாய்வும் மாறும். பின் சக்கரங்களின் "டோ" அளவையும் இவைதான் மாற்றும். முன் சக்கரங்களுக்கு ஸ்டீரிங் கம்பியை முறுக்கவேண்டும்.

பழைய காராக இருந்தால் போல்ட்டு துருப்பிடித்து அசையாது. உப்புத் தூவிய பனி ரோட்டில் ஓடிய கார் என்றால் கேட்கவே வேண்டாம். சில சமயம் அறுத்துத்தான் எடுக்கவேண்டும்.

இன்னொரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கைகளின் மூட்டில் ரப்பர் புஷ் இருக்கிறது. காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கினால், கார் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும், சீக்கிரம் கிழியும். கார் தன் பளுவோடு நிற்கும்போதுதான் இறுக்கவேண்டும்.

புது ஸ்பிரிங் போட்ட அன்றே அளவு பார்ப்பதிலும் பயன் இல்லை. சில நாள் ஓட்டி, ஸ்பிரிங் அமர்ந்த பிறகு பார்க்கவேண்டும். முதலில் டயரில் காற்று சரியாக இருக்கவேண்டும். பின் சக்கரங்களை முதலில் நேராக்குவார்கள். பிறகே முன் சக்கரம். சாய்வை முதலில் சரிசெய்து, "டோ"வைக் கடைசியில் வைப்பார்கள். ஏனென்றால் சாய்வை மாற்றினால் "டோ"வும் மாறிவிடும்! கெட்டிக்கார மெக்கானிக்குகள் ஓட்டுநர் ஆசனத்தில் மணல் மூட்டையை வைத்துவிட்டு அளவு எடுப்பார்கள். 2 பேர் கார் அல்லவா? ஒருவர் ஏறினாலே கார் இறங்கும்.

ஜப்பானில் புதிய காரை 3 ஆண்டு முடிந்ததும், பிறகு 2 ஆண்டுக்கு ஒரு முறையும் சர்க்கார் சோதனைக்குக் கொண்டுபோகவேண்டும். காருக்கும் தரைக்கும் 9 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கவேண்டும். பிறகு தரையில் உள்ள ஒரு தகட்டின் மேல் காரை நேராக ஓட்டச் சொல்வார்கள். சக்கரம் கோணலாக இருந்தால் தகடு பக்கவாட்டில் நகரும். 1 மீட்டருக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால், காரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.