துப்பாக்கியும் மருந்து டின்னும்

போன மாதம் தேக்காவுக்குச் சாமான் வாங்கப் போய்வந்த நம் தோழர் ஒருவர், "சிங்கப்பூரில் யார் வீட்டிலும் துப்பாக்கி கிடையாதாமே! நமக்கும் அதற்கும் என்னங்கய்யா?" என்றார். சம்பந்தம் இருக்கிறது, தோழர்களே.

அங்கே 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே சிறையும் பிரம்படியும். கொள்ளையரை நினைத்துப் போட்ட சட்டம்தான். ஆனால் அமெரிக்காவைப் பாருங்கள். துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டவர்கள். சாகணும் என்ற வேகம் பல பேருக்குக் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அந்நேரம் கைக்கு எட்டுவது எது என்பதில்தான் உயிர் இருக்கிறது. பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் சாவதில்லை.

துப்பாக்கி இல்லாத சிங்கப்பூரிலும் தற்கொலை நடக்கத்தான் செய்கிறது. நம் லயத்தில் கைக்கு எட்டுவது களைக்கொல்லி. இலங்கையில் கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1995-க்குப் பிறகு தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. மலேசியா 2020-இல் பாராகுவாட்டைத் தடை செய்தது. ஆகவே மிச்ச மருந்தைச் சோடா போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவராதீங்க. ஸ்டோரில் வைத்துப் பூட்டுங்க.

யாராவது குடித்துவிட்டால் மறைக்காதீங்க. போலீசுக்குப் பயந்து விடியும்வரை வீட்டில் வைத்திருந்து தூக்கிவந்த ஒரு பெண்ணை என்னால் காப்பாற்ற முடியவில்லை. தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப்பிரிவைச் சிங்கப்பூர் 2020-இலும் மலேசியா 2023-இலும் நீக்கிவிட்டன. வாந்தி எடுக்க வைக்காமல், மருந்து டின்னையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு 1767 என்ற எண்ணைச் சொல்லிவையுங்கள். ராத்திரி பகல் எந்நேரமும் எடுத்துப் பேசுவார்கள்.