உங்களுக்குத் தெரியுமா? மருந்துக்கு மசியாத பூஞ்சை

◆ பினாங்கு கம்பங்களில் வேலியோரம் மஞ்சள் பூங்கொத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் சீமையகத்திக்கு மலாய்மொழியில் கெலெங்காங் என்று பெயர். 'டாவுன் குராப்' என்றும் சொல்வார்கள். குராப் என்றால் நம் படர்தாமரை, பேரிலேயே வைத்தியம்! மிண்டனில் உள்ள யுஎஸ்எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்ட ஆய்வில், எத்தனாலில் எடுத்த இந்த இலைச்சாறு தோல் பூஞ்சைகளை நன்றாகவே அடக்கியது. வித்துகள் ஒழுங்காக முளைக்கவில்லை, இழைகள் சிதைந்துபோயின. ஆய்வகத்தில் கண்டதுதான், மருந்தாகத் தேற இன்னும் பல படிகள் உண்டு. ஆனாலும் பாட்டிகள் அரைத்துப் பூசியது வீண்வேலை இல்லை என்று அறிந்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

◆ படர்தாமரை முன்புபோல் சீக்கிரம் அடங்காததற்கு ஒரு காரணம், 'ட்ரைக்கோபைட்டன் இண்டோடினியே' என்ற பூஞ்சை. இந்தியா, நேபாளத்தைச் சேர்ந்த நோயாளிகளிடம் இதைக் கண்டு 2020இல் பெயர் வைத்தவர்கள் ஜப்பான் ஆய்வாளர்கள். டெர்பினஃபின் மாத்திரை பிடித்து நிறுத்த வேண்டிய நொதி இதில் உருமாறியிருக்கிறது. மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை. அதனால் மருத்துவர்கள் பலர் இப்போது இட்ராகொனசோலை வாரக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

◆ மருந்துக்கு மசியாத இந்தப் படர்தாமரைக்குத் தீனி போட்டது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. பூசியதும் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். பூஞ்சை மட்டும் பரவிக்கொண்டே இருக்கும். ஊருக்குப் போய்வரும்போது பையில் போட்டு வருகிறோமே, அந்த டியூபைத் திருப்பிப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்றிருந்தால் அது ஸ்டீராய்டுதான்.

◆ பூஞ்சை செடியைவிட நமக்கே நெருங்கிய உறவு! அதனால்தான் நம்மைத் தொடாமல் அதை மட்டும் கொல்லும் மருந்து அபூர்வம். நமக்கு இல்லாதது அதன் செல்சுவர். 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஐப்ரெக்ஸாஃபங்கர்ப் மாத்திரை, அந்தச் சுவர் எழும்பவிடாமல் தடுக்கிறது.

◆ மருத்துவ நூல்களில் நம் மதுரைக்கும் இடமுண்டு, 'மதுரா கால்' என்ற நோயின் பேரில். 1842இல் மதுரையில் இருந்த கில் என்ற மருத்துவர் பதிவு செய்தது. முள் குத்திய காலில் பூஞ்சையோ பாக்டீரியாவோ புகுந்து, ஆண்டுக்கணக்கில் சதையையும் எலும்பையும் அரிக்கும். காலையே எடுக்க நேர்வதும் உண்டு. பூஞ்சையால் வருவதற்கு இட்ராகொனசோலைத் தினமும் இருவேளை, மாதக்கணக்கில் விழுங்க வேண்டும். சூடானில் ஃபோஸ்ரவுகொனசோல் என்ற புது மருந்தைச் சோதித்தார்கள். பழையதைவிடக் கூடுதலாகக் குணப்படுத்தியதாக நிரூபணமாகவில்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை விழுங்கினால் போதும். வெறுங்காலோடு வயலில் நிற்கும் ஏழை விவசாயிக்கு அதுவே எவ்வளவு பெரிய ஆறுதல்!