மூன்று திருமணங்கள், ஒரு தீவு

ரோமப் பேரரசு என்றதும் பலருக்குப் போர்கள்தான் நினைவுக்கு வரும். எனக்கோ ஜூலியாவின் நினைவு வரும். பேரரசர் அகஸ்டஸின் ஒரே பிள்ளை அவர். அந்தப் பெயர்கூட அவருக்கென்று வைத்ததன்று. ஜூலியஸ் குடும்பத்துப் பெண்கள் எல்லாருக்கும் அதே பெயர்தான்.

14 வயதில் அத்தை மகன் மார்செல்லஸுக்கு மணமுடித்தனர். ஈராண்டில் அவர் இறந்தார். அடுத்து, தந்தை வயதுடைய தளபதி அக்ரிப்பா. ஐந்து பிள்ளைகள் பிறந்தனர். அவரும் இறந்ததும், மாற்றாந்தாயின் மகன் டைபீரியஸ். தாம் நேசித்த மனைவி விப்சானியாவை அவர் விவாகரத்து செய்ய வேண்டியிருந்தது. அகஸ்டஸின் கட்டளை அப்படி. மூன்று மாப்பிள்ளைகளும் ஆட்சியை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே.

மணமான பெண்ணின் தகாத உறவைக் குற்றமாக்கிய சட்டமும் அகஸ்டஸ் கொண்டுவந்ததுதான். கி.மு. 2-இல் அதே குற்றச்சாட்டில் மகளைப் பண்டதேரியா தீவுக்கு நாடு கடத்தினார். தாய் ஸ்கிரிபோனியா தாமாகவே உடன் சென்றார்.

ஜூலியாவிடம் செல்வம் இருந்தது; கல்வியும் இருந்தது. மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லும் உரிமைதான் இல்லை. அகஸ்டஸின் சாதனைகளைப் படிக்கும்போது அந்தத் தீவையும் வரைபடத்தில் தேடிப் பாருங்கள். இத்தாலியில் இன்று அதன் பெயர் வென்டோடேனே.