சத்திரம் முதல் ஹோம்ஸ்டே வரை: புனேயில் வீட்டை நாள் வாடகைக்கு விடுவோர் கவனத்திற்கு

ஒரத்தநாடு பக்கம் போன அன்பர்கள் முக்தாம்பாள் சத்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, 1800-களின் தொடக்கத்தில் கட்டியது. வழிப்போக்கருக்கு அங்கே சோறும் இலவசம், படுக்க இடமும் இலவசம். மராட்டியர் தமிழ் மண்ணில் இடம் கொடுத்தார்கள். இன்று தமிழராகிய நாம் மராட்டிய மண்ணில் ஃபிளாட் வாங்கி, வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறோம். தானம் வியாபாரமாகிவிட்டது. தப்பில்லை; நானும் வியாபாரிதான். லக்ஷ்மி ரோடு கடைகளுக்கு ஆரணிப் பட்டு கொடுத்தே காலத்தை ஓட்டியவன். ஆனால் வியாபாரம் என்றால் அதற்குக் கணக்கும் சட்டமும் உண்டு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பிள்ளைகள் வெளியூர் போனபின் எங்கள் இரண்டாவது ஃபிளாட் சும்மா கிடந்தது. 2017-ல் ஒரு பையன் நாலு நாள் தங்க வந்தான். நல்ல தமிழ் பேசினான், என் மனைவியிடம் தயிர்சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நம்ம பையன் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டுப் போலீசில் புகார் கொடுக்கப் போனான். அது அமெரிக்க பாஸ்போர்ட்! "எங்கே தங்கியிருக்கிறாய்?" என்று கேட்டார்கள். அடுத்த அரை நாள் நான் காவல் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வயதைப் பார்த்து, எச்சரித்து அனுப்பினார்கள்.

என் தவறு என்ன? காசு வாங்கிக்கொண்டு வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர், வந்த 24 மணி நேரத்துக்குள் 'சி' படிவத்தில் தகவல் தரவேண்டும் என்பது அன்றைய விதி. அப்போதிருந்தது 1946-ஆம் வருடச் சட்டம். 2025 செப்டம்பர் 1 முதல் அதனிடத்தில் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் வந்துள்ளது. சட்டம் மாறியது, தகவல் தரும் கடமை மாறவில்லை. பேர் சுப்பிரமணியன் என்றிருந்தாலும், பாஸ்போர்ட் வெளிநாட்டுடையது என்றால் அவர் வெளிநாட்டவரே.

இது புதுத் தொல்லை என்று எண்ணவேண்டாம். வெள்ளைக்காரன் 1867-லேயே சராய் சட்டம் கொண்டுவந்தான். விடுதி நடத்துபவர் மாஜிஸ்திரேட்டிடம் பேரைப் பதிய வேண்டும், கட்டணப் பட்டியலைத் தொங்கவிட வேண்டும், இடத்தைச் சுத்தமாக வைக்க வேண்டும், தொற்றுநோய் கண்டால் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு.

பக்கத்திலுள்ள கோவாவில் 1982-ல் வந்த சுற்றுலாத் தொழில் பதிவுச் சட்டம் இருக்கிறது. அங்கே பதிய ஒரு வாசல் போதும். இங்கே நாலு வாசல் ஏறி இறங்கணும்.

முதல் வாசல், சுற்றுலாத் துறை. மத்திய அரசின் தங்கல்-சிற்றுண்டித் திட்டத்தில் 1 முதல் 6 அறைகள், அதிகபட்சம் 12 படுக்கைகள் வரை பதியலாம். தங்கம், வெள்ளி என இரு தரம். முக்கிய நிபந்தனை, உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிக்க வேண்டும். சாவியைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுச் சென்னையில் இருப்பவருக்கு இது பொருந்தாது. மகாராஷ்டிரத்தின் 'நிவாஸ்-நியாஹாரி' திட்டமும் உண்டு. நியாஹாரி என்றால் காலைச் சிற்றுண்டி.

இரண்டாவது, உங்கள் ஹவுசிங் சொசைட்டி. மாதிரி துணைவிதிகளின்படி, வாடகைக்கு விடும் முன் 8 நாள் அவகாசம் வைத்துத் தெரிவிக்க வேண்டும். சொந்தக்காரர் குடியிருக்காத வீட்டுக்கான கட்டணம், பராமரிப்பின் சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது 2001-ஆம் வருட அரசாணை. நாள் வாடகை விஷயத்தில் பக்கத்து வீட்டாரின் மனத்தாங்கல்தான் பெரிது. முதலில் செயலாளரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

மூன்றாவது, போலீஸ். 2010 பிப்ரவரி 13 அன்று கோரேகாவ் பார்க் ஜெர்மன் பேக்கரியில் குண்டு வெடித்தபின், யார் எங்கே தங்குகிறார் என்பதில் இந்த ஊர் அலட்சியமாக இருக்க முடியாது. மாதக் கணக்கில் விடுவதானால் 1999-ஆம் வருட மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்வது உங்கள் பொறுப்பு. தவறினால் 3 மாதச் சிறை, 5,000 ரூபாய் அபராதம் வரை போகும்.

நாலாவது, வரி. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் என்றால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். இணையதளம் வழியே முன்பதிவானால் அந்தத் தளமே வரியைக் கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதம். வருமான வரிக் கணக்கில் இந்த வரவைக் காட்டியாக வேண்டும். புனே மாநகராட்சி, சொந்தமாகக் குடியிருப்போருக்குத் தரும் 40 சதவீதச் சொத்துவரிச் சலுகையை 2023-ல் மீண்டும் கொண்டுவந்தது. வீட்டை வெளியாருக்கு விட்டுவிட்டு அந்தச் சலுகையை வாங்குவது பொய்க்கணக்கு.

எங்கள் சமண நூல்கள் தானத்தை ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் என நான்காகச் சொல்லும். அபயம் என்றால் பயமின்மை. காசு வாங்கினாலும் வந்தவருக்கு அந்த ஒன்றைக் கொடுக்கலாம்: சரியான பூட்டு, ஒரு தீயணைப்பான், ஆஸ்பத்திரி போன் நம்பர் எழுதிய சீட்டு. இன்று என் ஃபிளாட் கதவருகே ஒரு நீளக் கணக்கு நோட்டு தொங்குகிறது. தயிர்சாதம் அப்புறம், முதலில் பேரும் பாஸ்போர்ட்டும் அதில் ஏறியாக வேண்டும்.